நாயின் தீராத வயிற்றுக் கோளாறு: உணவு, மருந்து, சப்ளிமென்ட் – முழுமையான வழிகாட்டி

வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வரும் நாய் இருக்கிற வீட்டில் மருந்துப் பெட்டியைத் திறந்தால் பாதி தீர்ந்த அட்டைகளும் பாட்டில்களும் குவிந்திருக்கும். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு அமில மாத்திரை, ஒரு ப்ரோபயாடிக் பவுடர், யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய வைட்டமின் சிரப். இதில் எது கேட்டது என்று விசாரித்தால் பதில் வராது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொடுத்திருப்பார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு விஷயத்தையே பிடித்துக்கொண்டு போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததை எழுதி வைக்க வேண்டும். பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும். மருந்தின் பெயரைவிட இந்த ஒழுங்குதான் பல நாய்களை மீட்டிருக்கிறது. கீழே வரும் அளவுகள், நாட்கணக்குகள் எல்லாம் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுப்பதைப் புரிந்துகொள்வதற்காக. அவற்றை வைத்து நீங்களே மருந்து தொடங்குவதற்காக அல்ல.

முதலில்: காத்திருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?

சில அறிகுறிகளுக்கு இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் நுரையைத் தவிர எதுவும் வராமல் தவிக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய உடல்வாகும் ஆழமான மார்பும் உள்ள இனங்களில் இது அதிகம் வரும். இதில் மணிக்கணக்கு கூடக் கிடையாது, நிமிடங்கள்தான் முக்கியம். திடீரென்று ஜாம் போலச் சிவந்த ரத்தப்போக்கு, தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், தண்ணீரைக்கூட வயிற்றில் தங்கவிடாத வாந்தி, துணியோ எலும்போ பொம்மைத் துண்டோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம், தடுப்பூசி முடிக்காத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவது (பார்வோ வைரஸ் முதல் சந்தேகம்) ஆகிய எல்லாமே அவசரம்தான்.

உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். ஈரமாக, வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். தோள்பட்டைத் தோலைத் தூக்கி விட்டால் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வயதான, மெலிந்த நாய்க்குத் தோல் தானாகவே தளர்ந்திருக்கும் என்பதால் ஈறை நம்புவதே மேல். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இயல்பு.

இவை எதுவும் இல்லாமல், துள்ளித் திரிகிற நாய்க்கு ஓரிரு நாள் மலம் இளகினால் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். கொழுப்பில்லாத எளிய உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்து, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். குட்டிகளையும் மிகச் சிறிய இனங்களையும் மட்டும் பட்டினி போட வேண்டாம். அவற்றுக்கு ரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, போய்ப் போய்த் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட கோளாறு. இனி வருவது அதைப் பற்றி.

இரண்டாவது: ஒரு நோட்டு போடுங்கள்

டாக்டரிடம் "ரொம்ப நாளா சரியில்லை" என்று சொல்வதற்கும், தேதியோடு எழுதிய இரண்டு பக்கத்தைக் காட்டுவதற்கும் இருக்கிற வித்தியாசம் பெரியது. தினமும் எழுத வேண்டியவை: என்ன தின்றது, எத்தனை முறை போனது, மலம் எப்படி இருந்தது, வாந்தி உண்டா, எந்த மருந்து எத்தனை மணிக்கு உள்ளே போனது. வாரம் ஒருமுறை எடை.

மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுகிற முறை ஒன்று உண்டு. 1 என்றால் உருண்டை உருண்டையாகக் காய்ந்தது, 7 என்றால் வெறும் தண்ணீர். உருவம் கலையாமல், தரையில் பெரிதாகக் கறை விடாமல் எடுக்க முடிகிற 2 அல்லது 3 தான் நமக்கு வேண்டியது. "கொஞ்சம் பரவாயில்லை" என்று எழுதாதீர்கள், எண்ணாக எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது 6, 6, 5, 5, 4 என்று இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும்; அதுவே மருந்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடும்.

மலத்தின் தோற்றமே கோளாறு எங்கே என்பதைக் காட்டும். அளவு அதிகம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைதான், ஆனால் நாய் மெலிந்துகொண்டே போகிறது என்றால் சிறுகுடல். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளியோடும் பளிச்சென்ற ரத்தக் கோட்டோடும் வந்தால் பெருங்குடல். இரண்டுக்கும் அணுகுமுறை வேறு. இன்னொன்று: வயிறு குலுங்கி, ஓங்கரித்து வந்தால் வாந்தி, எந்த முயற்சியும் இல்லாமல் தின்றது அப்படியே குழாய் வடிவில் வெளியே விழுந்தால் அது உணவுக்குழாய்ப் பிரச்சினை. போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்கு அதைவிட உதவி வேறில்லை.

மூன்றாவது: பரிசோதனைகள்

மலப் பரிசோதனை முதலில். புதிதாகப் போனதாக இருக்க வேண்டும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை என்பதால் ஒரு நாள் மாதிரியில் இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. அதனால்தான் பல டாக்டர்கள் சோதனை சுத்தமாக வந்தாலும் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்து முதலில் ஒட்டுண்ணிகளை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே வேளையோடு நிறுத்தாமல், கிலோவுக்கு 50 மி.கி. கணக்கில் தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம்.

ரத்தத்தில் கல்லீரல், சிறுநீரகம், புரதம் ஆகியவற்றோடு மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பட்டியலில் இவை இருக்காது.

ஒன்று, கோபாலமின் எனப்படும் வைட்டமின் பி12. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அது உறிஞ்சப்படுகிறது. அங்கே நோய் இருந்தாலோ கணையம் சரியாக வேலை செய்யாவிட்டாலோ பி12 இறங்கும். இறங்கினால் மற்ற மருந்துகளும் சரியாகக் கேட்காது.

இரண்டு, டிஎல்ஐ. கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கிறதா என்று இது சொல்லும். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் கணைய நொதிக் குறைபாடு உறுதி. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இது அதிகம். எந்நேரமும் பசி, தின்னத் தின்ன மெலிவு, குவியல் குவியலாக வெளிறிய மலம், சில சமயம் தன் மலத்தையே தின்பது என்று படமே தெளிவாக இருக்கும். அப்படியிருந்தும் மாதக்கணக்கில் "குடல் அழற்சி" என்றே மருந்து ஓடிக்கொண்டிருப்பதுண்டு.

மூன்று, கார்டிசால். உடலே சுரக்கும் ஸ்டீராய்டு இது. இது போதுமான அளவு சுரக்காத அடிசன் நோய் அச்சு அசல் வயிற்றுக் கோளாறு போலவே வேஷம் போடும். கார்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அடிசனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். அதற்குக் கீழே என்றால் அடுத்த கட்டச் சோதனை வேண்டும்.

ஆல்புமின் அளவையும் ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். அது டெசிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே போயிருந்தால் குடல் வழியாகப் புரதம் ஒழுகிக்கொண்டிருக்கலாம். யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்களில் இது பிரபலம். வயிற்றில் நீர் கோர்க்கலாம், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்ட நாயை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நிதானமாக ஒவ்வொன்றாக முயன்று பார்க்க முடியாது. இந்த நிலையில் டாக்டர் பல படிகளை ஒன்றாகவே எடுப்பார். நான் சொன்ன ஒற்றை மாற்ற விதிக்கு இது விலக்கு.

நான்காவது: மருந்துக்கு முன் உணவு

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். நாள்பட்ட குடல் கோளாறு உள்ள நாய்களில் பெரும் பகுதி, உணவை மட்டும் மாற்றினாலே தேறிவிடுகின்றன. இருந்தும் வீடுகளில் கடைசியாக முயல்வது உணவைத்தான். மாத்திரை கொடுத்தால் ஏதோ செய்தோம் என்ற நிம்மதி கிடைக்கிறது. உணவை மாற்றுவது வைத்தியமாகவே தோன்றுவதில்லை.

மூன்று வகை உணவுகள் இருக்கின்றன. புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்து, உடலின் எதிர்ப்பு சக்தி அடையாளம் கண்டுகொள்ளாதபடி செய்த ஹைட்ரோலைஸ்டு உணவு முதல் வகை. நாய் இதுவரை தின்றேயிராத இறைச்சியை மட்டும் கொண்ட புதுப்புரத உணவு இரண்டாவது. கொழுப்புக் குறைந்த, எளிதில் செரிக்கும் உணவு மூன்றாவது. குடல் நிணநீர்க் குழாய் வீக்கம், கணைய அழற்சி உள்ளவற்றுக்கு இதுதான் உயிர்நாடி. முதல் வகை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடனே ஸ்டீராய்டுக்குத் தாவ வேண்டாம். இன்னொரு வகையையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

பலன் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மல மதிப்பெண்ணில் தெரிந்துவிடும். தெரிந்தால் குறைந்தது மூன்று மாதம் அதே உணவு.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஓரங்களில்தான். பிஸ்கட் ஒன்று, குழந்தை தட்டிலிருந்து விழுந்த துண்டு ஒன்று, பக்கத்து வீட்டு அன்பு. யாரும் சந்தேகப்படாத இடம் ஒன்று இருக்கிறது: மாட்டிறைச்சி, கல்லீரல் சுவை சேர்த்த மெல்லும் மாத்திரைகள். உண்ணிக்கும் புழுவுக்கும் மாதாமாதம் கொடுக்கிற மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல் தேய்க்கும் பேஸ்டையும் பாருங்கள். புரதச் சோதனை நடக்கிற காலத்தில் சுவையூட்டாத வடிவமோ கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தோ இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைப் பொதிந்து கொடுக்கவும் அதே சோதனை உணவின் ஈர வகையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வேகவைத்த தோலில்லாத கோழியும் சோறும் சில நாட்களுக்கு நல்லது. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் கால்சியமும் பல தாதுக்களும் இல்லாமல் போகும். வீட்டுச் சமையலே வேண்டுமென்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் அளவு போட்டு வாங்குங்கள். எதைச் சமைத்தாலும் வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சாறு மட்டும் வேண்டாம். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

ஐந்தாவது: மருந்துகள், ஒவ்வொன்றாக

*மாரோபிடன்ட்.* வாந்தியை நிறுத்த நாய்களுக்கென்றே வந்த மருந்து. நாளைக்கு ஒருமுறை போதும். குடலில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே சிக்கியிருப்பதை மருந்து மறைத்துவிடும். சீஸ் போன்ற கொழுப்பான பொருளில் இறுக்கமாகப் பொதிந்தால் மாத்திரை கரைவது தாமதமாகும். இன்னொரு வாந்தி மருந்தான மெட்டோகுளோப்ரமைடு குடலின் அசைவைத் தூண்டும் என்பதால் அடைப்பு இருக்கும்போது அது இன்னும் ஆபத்து.

*ஓமெப்ரசோல்.* இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. உண்மையான புண்ணுக்கும் உணவுக்குழாய் அழற்சிக்கும் சிறந்த மருந்து. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், பெரும்பாலும் நாளைக்கு இரண்டு வேளை. மேலே பூச்சு உள்ள மாத்திரையையோ உள்ளே இருக்கும் குருணையையோ நசுக்கக் கூடாது, அமிலத்தில் அழிந்துவிடும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பு (ACVIM) 2018-இல் வெளியிட்ட பரிந்துரை இந்த வகை மருந்துகள் தேவையில்லாமல் அதிகம் கொடுக்கப்படுகின்றன என்று வெளிப்படையாகவே சொன்னது. சாதாரண இரைப்பை அழற்சிக்கும் புண் இல்லாத கணைய அழற்சிக்கும் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் போதாது என்றது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். அதைப் பார்த்துவிட்டு "மாத்திரை இல்லாமல் முடியவில்லை" என்று ஆயுள் முழுக்கத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

*சுக்ரால்ஃபேட்.* புண்ணின் மேல் பசை போலப் படிந்து காக்கும். தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றைக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

*மெட்ரோனிடசோல்.* பேதி என்றவுடன் கை தானாகப் போகிற ஆன்டிபயாடிக். குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களைக் கலைத்துவிடும். அந்தக் கலைவு மருந்து நின்ற பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கும். கொடுக்கும்போது மலம் கட்டுவதும் நிறுத்தியதும் இளகுவதுமாக ஒரு சுழல் தொடங்குவது இதனால்தான். உங்கள் நோட்டில் அந்தச் சுழல் தெரிந்தால் நான்காவது ஐந்தாவது முறை அதையே வாங்குவதற்கு முன் உணவுச் சோதனை ஒழுங்காக நடந்ததா என்று கேளுங்கள். அளவு மிஞ்சினாலோ நீண்ட நாள் கொடுத்தாலோ நரம்பைத் தாக்கும். நடை தள்ளாடுவது, தலை சாய்வது, விழிகள் தானாகத் துடிப்பது தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். பயங்கரக் கசப்பு, வாயில் உடைந்தால் நுரை தள்ளும், அதை வலிப்பு என்று பயப்பட வேண்டாம்.

*பிரெட்னிசோலோன்.* உணவுக்கும் மற்றவற்றுக்கும் கேட்காத குடல் அழற்சிக்கு இந்த ஸ்டீராய்டுதான் முதன்மை மருந்து. குடல் தசைத்துண்டுப் பரிசோதனை செய்யலாம் என்ற எண்ணமிருந்தால் அதை ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். லிம்போமா என்ற புற்றுநோயை ஸ்டீராய்டு தற்காலிகமாக அடக்கி, முடிவைக் குழப்பிவிடும்.

தொடங்கிய சில நாட்களில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், இரவில் சிறுநீருக்கு எழுப்பும், கண்டதையும் தின்னும், மூச்சு வாங்கும். தண்ணீரைக் குறைத்து வைக்காதீர்கள். வெளியே அழைத்துப் போவதைத்தான் கூட்ட வேண்டும். உணவுச் சோதனையில் இருக்கும் நாய் பசியில் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும். கூடைக்கு மூடி போடுங்கள். நாட்பட்டால் தொடைத் தசை கரையும், வயிறு தொங்கும், தோல் மெலியும். 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு எடைக் கணக்கில் அப்படியே பெருக்கிக் கொடுத்தால் பக்கவிளைவு கடுமையாக இருக்கும். அதனால் டாக்டர் உடல் பரப்பளவை வைத்துக் கணக்கிடலாம். அளவு குறைவாகத் தெரிகிறதே என்று நீங்கள் கூட்ட வேண்டாம்.

இரண்டு சட்டங்கள். முதலாவது, சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுக்குப் பழகி உடல் தன் சுரப்பை ஓய்வில் விட்டிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் நாய் சரிந்துவிழலாம். மலம் நிலையான பிறகு, பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு வரை குறைத்துக்கொண்டே வருவார்கள். இரண்டாவது, கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்க்கவே கூடாது. இரைப்பையில் ஓட்டை விழும் அளவுக்குப் புண் வரும். மூட்டு வலிக்கு வேறொரு டாக்டரிடம் போகிறீர்கள் என்றால் கையில் இந்த நோட்டு இருக்க வேண்டும்.

பிரெட்னிசோலோன் தாங்காத நாய்க்கு புடெசோனைடு, சைக்ளோஸ்போரின், குளோராம்பியூசில் போன்றவை உண்டு. சைக்ளோஸ்போரின் வெறும் வயிற்றில். முதல் வாரம் வாந்தி வரலாம். குளோராம்பியூசில் மாத்திரையை உடைக்காமல் கையுறை போட்டுத் தொடுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மனிதர்களுக்கான மருந்துகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு விஷம். பாராசிட்டமாலும் வீட்டு அளவில் கொடுக்கக் கூடாதது. பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை, கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஷெட்லாண்டு ஷீப்டாக் போன்ற இனங்களில் எம்டிஆர்1 மரபணு மாற்றம் உள்ளவற்றின் மூளைக்குள் புகுந்து மயக்கத்தில் ஆழ்த்தும். சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருக்கும் சிரப்புகளில் சைலிட்டால் இருக்கலாம். சிறிய அளவே ரத்தச் சர்க்கரையைச் சரித்து கல்லீரலைக் கெடுக்கும். ப்ரோபயாடிக், வைட்டமின் மிட்டாய்களிலும் அது உண்டு.

ஆறாவது: சப்ளிமென்ட்டில் எது தேவை, எது வெறும் ஆசை

பி12-க்கு ஆதாரம் தெளிவு. குறைந்திருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். ஊசி என்றால் வாரம் ஒன்றாக ஆறு வாரம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அதற்கு ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. மாத்திரையும் ஊசிக்கு நிகராக வேலை செய்கிறது என்று நாய்களில் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தினமும் ஒரு வேளை, மூன்று மாதம். பொதுவாக 10 கிலோவுக்கு உட்பட்டதற்கு 0.25 மி.கி., 10 முதல் 20 கிலோ வரை 0.5 மி.கி., அதற்கு மேல் 1 மி.கி. பல வைட்டமின் கலந்த சிரப்பில் இவ்வளவு பி12 பெரும்பாலும் இருக்காது. தனி பி12 மாத்திரைதான் வேண்டும்.

கணையக் குறைபாடு உறுதியான நாய்க்கு நொதிப் பவுடர் சப்ளிமென்ட் அல்ல, ஆயுள் முழுக்க மருந்து. ஒவ்வொரு வேளையும், ஒரு வாய் தின்பண்டத்தோடு கூட, கலக்க வேண்டும். தொடக்க அளவு பெரும்பாலும் வேளைக்கு 10 கிலோவுக்கு ஒரு டீஸ்பூன். சரியான பிறகு குறைத்துப் பார்க்கலாம். பூச்சு போட்ட மாத்திரையைவிடப் பூச்சில்லாத பவுடர் நன்றாகக் கேட்கும். ஈறில் ரத்தம் கசிந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். உங்கள் கையிலும் பட்டால் கழுவிவிடுங்கள். பவுடர் மூக்கில் ஏறினால் தும்மலும் எரிச்சலும் வரும்.

ப்ரோபயாடிக்கில் வாங்குகிற வகைதான் எல்லாம். நாய்களில் ஆராயப்பட்ட நுண்ணுயிரும், காலாவதித் தேதி வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கையும் பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் செத்துப்போகும், இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற வகை ஒரு ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சூடான உணவில் எதையும் கலக்காதீர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளில் இருக்கிற நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

பெருங்குடல் வகைக்கு இசப்கோல் நன்றாகவே உதவும். சளியும் முக்கலும் உள்ள நாய்க்கு மிகச் சிறிய அளவில், உணவில் நன்கு நனைத்துத் தொடங்கிச் சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டுங்கள். சிறுகுடல் கோளாறில் மெலிந்துகொண்டிருக்கும் நாய்க்கு நார்ச்சத்தைக் குவிப்பது உதவாது.

மீன் எண்ணெய், ஆலோசனை தரும் எல்லோரும் சொல்வது. அதுவும் கொழுப்புதான். கொழுப்பு ஒத்துக்கொள்ளாத நாய்க்கும் கணைய அழற்சி வந்த நாய்க்கும் அதுவே பேதியைக் கிளப்பும். வைட்டமின் டி-யை ரத்தத்தில் அளக்காமல் கொடுக்கவே வேண்டாம், மிஞ்சினால் நஞ்சு. மற்ற மூலிகைக் கலவைகள், ஜூஸ்கள் எல்லாம் நோயின் பெயர் தெரியாத நிலையில் கணக்கைக் குழப்புவதற்கு மட்டுமே பயன்படும்.

ஏழாவது: நேர அட்டவணை

நான்கைந்து மருந்து சேர்ந்துவிட்டால் தலை சுற்றும். இரைப்பைப் புண்ணோடு ஜியார்டியாவும் பி12 குறைவும் உள்ள நாயை எடுத்துக்கொள்வோம். நாள் இப்படிப் போகலாம்:

காலை 6:00 – ஓமெப்ரசோல், கொஞ்சம் தண்ணீரோடு.
6:45 – உணவு, அதோடு மெட்ரோனிடசோல், பி12.
10:00 – ஒரு ஸ்பூன் உணவில் ப்ரோபயாடிக்.
மதியம் 1:00 – கரைத்த சுக்ரால்ஃபேட்.
மாலை 6:00 – ஓமெப்ரசோல்.
6:45 – உணவு, மெட்ரோனிடசோல்.
இரவு 10:00 – சுக்ரால்ஃபேட்.

இதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, கொடுத்தவர் கையெழுத்துப் போடட்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒரே மாத்திரை இரண்டு முறை போவது அடிக்கடி நடக்கும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்த உடனே வாந்தி எடுத்தால் அதில் மாத்திரை முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எடை ஏறினாலோ இறங்கினாலோ அளவுகளையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை விழுங்க வைக்க, மேல் கோரைப் பற்களுக்குப் பின்னால் ஒரு கையை வைத்துத் தலையை லேசாக உயர்த்துங்கள். கீழ்த்தாடை தானாகத் திறக்கும். நாக்கின் மேடு இருக்கிறதே, அதற்குப் பின்னால் மாத்திரையை வைத்து வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கியாயிற்று. நக்காமல் கன்னம் ஒரு பக்கம் புடைத்து, உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் மாத்திரை கடைவாயில் இருக்கிறது. நீங்கள் திரும்பியதும் சோஃபாவுக்குப் பின்னால் துப்பும். பிறகு சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்ட மாத்திரை, அதிலும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், அங்கேயே புண் போட்டுவிடும். உணவில் பொதிந்து கொடுத்தால் முதல் உருண்டை வெறும், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறும் என்று வேகமாகக் கொடுங்கள். மூன்றாவதின் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும்.

எட்டாவது: குறைப்பதும், திரும்ப வருவதும்

மதிப்பெண் 2, 3 என்று நிலைத்து, எடை ஏறத் தொடங்கிய பிறகே மருந்தைக் குறைக்கத் தொடங்குங்கள். சேர்த்தபோது ஒன்றொன்றாகச் சேர்த்தது போலவே எடுப்பதும் ஒன்றொன்றாக. முதலில் நீக்க வேண்டியது ஆன்டிபயாடிக், அடுத்து அமில மருந்து, பிறகு ஸ்டீராய்டு. உணவு கடைசி, பல நாய்களுக்கு அது மாறவே வேண்டியதில்லை.

திரும்ப வந்தால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோட்டைப் புரட்டுங்கள். உணவு மூட்டை புதிதா? மாதாந்திரப் புழு மாத்திரை எப்போது போனது? குறைத்த மருந்துக்கும் திரும்ப வந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி? காரணம் கிடைத்தால் அதை நீக்கிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். கிடைக்காமல், மதிப்பெண் 5-க்கு மேல் நின்றால் டாக்டரிடம் பேசி, கடைசியாக நன்றாக இருந்த அளவுக்கு மட்டும் திரும்புங்கள். ஆரம்ப அளவுக்கே போக வேண்டிய தேவை எப்போதும் இருக்காது. எடை வாரத்துக்கு வாரம் இறங்கினாலோ, கால்களோ வயிறோ வீங்கினாலோ, மூச்சு திடீரென்று திணறினாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆல்புமினைப் பார்க்கச் சொல்லுங்கள்.